சத்தம் வராமல் குதிப்பது

போன வாரம் சேத்தியாத்தோப்பில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. எங்கள் பஸ்ஸும் நின்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அதன் வராந்தாவில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்று, சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே தள்ளினார்கள். முன்கால் மடங்கி, பின்னங்கால் விரல்கள் தரையில் அழுந்தி, கழுத்து நரம்பு தெரிய. டீச்சர் ஏதோ சொன்னதும் கையை எடுத்துவிட்டு மூச்சு விட்டார்கள். மறுபடி தள்ளினார்கள்.

"இன்னா தப்பு பண்ணுச்சுங்களோ, செவுத்தப் பாத்து நிக்க வச்சிக்கினு கீறாங்க" என்றார் பக்கத்து சீட்டு அம்மாள்.

அது தண்டனை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. கண்டக்டர் பார்த்துவிட்டு, "இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா. எறங்கறதுன்னா சட்டுனு எறங்கு" என்றார். மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. இதை எழுதுவதுகூட நீங்கள் எதிரே இல்லை என்கிற தைரியத்தில்தான். பத்தாவது வரை படித்தவள், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர் நகர்ந்து, பஸ் கிளம்பி, வெகுதூரம் வந்த பிறகும் என் உள்ளங்கையில் சுண்ணாம்பு வாசனை இருந்தது. நான் எந்தச் சுவரையும் தொடவில்லை. ஆனாலும் இருந்தது.

அந்த வாசனை எங்கள் பள்ளிக்கூடத்துடையது. எங்கள் என்றால் நான் படித்தது இல்லை, நான் வேலை பார்த்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் மரமடர்ந்த அகல ரோடுகளும் வரிசை பிடித்த குவார்ட்டர்ஸ்களும் முடிந்து, காலனிகள் தொடங்கும் ஓரத்தில், சிமென்ட் ஷீட் போட்ட நீளமான கொட்டகையில் ஒரு தனியார் ஆரம்பப் பள்ளி நடந்தது. சுவருக்குச் சுண்ணாம்புதான் அடிப்பார்கள். சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளை. அங்கே நான் ஆயா. கூட்டுவது, குடிதண்ணீர் வைப்பது, மணி அடிப்பது, சின்னதுகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போவது. அப்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. என் அம்மா வயதுப் பெண்களெல்லாம் "ஆயாம்மா, எம் பொண்ணு சாப்புட்டாளா?" என்று கேட்பார்கள். முதல் வாரம் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

அந்த வேலையில் நான் சேர்ந்ததே என் மகன் தினேசுக்காகத்தான். அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் காம்பவுண்டு சுவர் இருந்தது. எங்கள் காலனிக்குப் பக்கத்தில் இருந்த அரசுப் பள்ளிக்கு அப்போது சுவர் கிடையாது. வாசலைத் தாண்டினால் அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் ஓடும் ரோடு. தினேசு நடக்கிற பிள்ளை இல்லை. ஓடுகிற பிள்ளை. அங்கன்வாடியில் விட்டபோது ஒரு நாள் ஓடிப்போய் நடு ரோட்டில் நின்றான். லாரி டிரைவர் ஒருவர் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். சாம்பல் படிந்த முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது.

"யார் புள்ளம்மா இது? பிரேக்கு புடிக்கலன்னா என்னா ஆவறது?" என்றார். பிள்ளையை என்னிடம் கொடுத்த பிறகும் அவர் கைகள் ஆடிக்கொண்டிருந்தன. உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு எனக்கு உலகத்தில் வேண்டியதெல்லாம் ஒரு சுவர். என் பிள்ளை படிக்க வேண்டும் என்றுகூட ஆசைப்படவில்லை. சுவருக்கு உள்ளே இருந்தால் போதும். அவனைச் சேர்க்கும்போதே, பள்ளிக்கூடத்தை நடத்துகிற கரஸ்பாண்டெண்ட் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், "பையன் ரொம்பத் துறுதுறுன்னு இருக்கான். மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளெயின்ட் வந்தா டிசி கொடுத்துடுவேன், வருத்தப்படக்கூடாது." அவர் தெற்கத்திப் பக்கமிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட மனிதர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டு வாழ்பவர்.

கம்ப்ளெயின்ட் வராமல் இருக்குமா? இரண்டாம் வகுப்பில் அவன் பெஞ்சில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பெஞ்சின் மேல், பெஞ்சின் கீழ், பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில். சட்டைக் காலரை மென்று மென்று நூலாக்கிவிடுவான். பக்கத்துப் பிள்ளையின் முதுகில் கையால் தாளம் போடுவான். எழுதச் சொன்னால் பென்சில் ஒடியும். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வராந்தாவைக் கூட்டுவேன். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருப்பேன். "அந்த எடம் தேஞ்சி பள்ளமாயிடும் ஆயாம்மா" என்று டீச்சர்கள் சிரிப்பார்கள்.

வீட்டில் அவன் வேறு பிள்ளை. இதை அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். மண் ஏறிப்போகிற பெல்ட்டின் அடியில் சிந்துவதை வாரிப்போடுகிற வேலை. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் வாரம் வந்தால் எங்கள் லைன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் வந்து படுத்ததும் கதவின் கொண்டியில் ஒரு துண்டைக் கட்டிவிடுவோம். துண்டைப் பார்த்தால் மீன்காரம்மா கூவ மாட்டாள். கூரியர்காரர் கதவைத் தட்ட மாட்டார். சண்டை போட்டுக்கொண்டே வருகிறவர்கள்கூட அந்த வாசலைத் தாண்டும் வரை வாயை மூடிக்கொண்டு, தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

உள்ளே இருப்பது ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் அவர் பாய். குக்கர் வைக்க மாட்டேன், விசில் வரும். கொலுசைக் கழற்றி அரிசிப் பானையில் போட்டுவிடுவேன். சொட்டுகிற குழாய்க்குக் கீழே பழந்துணி. தினேசும் நானும் சைகையில் பேசிக்கொள்வோம். கட்டை விரலை வாய்க்கு நேரே சாய்த்தால் தண்ணீர். வயிற்றைத் தட்டினால் பசி. ஸ்கூல் விட்டு வந்ததிலிருந்து இருட்டும் வரைக்கும், சனி ஞாயிறு என்றால் விடிந்ததிலிருந்து, அவன் மூலையில் குந்திக்கொண்டிருப்பான். வெளியே விடவும் முடியாது, ரோடு. விழுந்து அடிபட்டால்கூட வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் மட்டும் விடுவான். சத்தம் இல்லாமல் அழுவதற்கு அந்த வயதிலேயே பழகியிருந்தான். எங்கள் லைனில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். "நல்ல புள்ளைங்க" என்று விருந்தாளிகள் மெச்சிவிட்டுப் போவார்கள்.

விமலா மிஸ் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். என்னைவிடச் சின்னவர். பலாப்பழம் வருகிற மாதங்களில் அவர் பையைத் திறந்தால் கொட்டகை முழுக்க மணக்கும். சுளைகளை டப்பாவில் போட்டு எடுத்துவந்து எல்லா டீச்சருக்கும் கொடுத்துவிட்டு, மறக்காமல் எனக்கும் ஒரு பங்கு வைப்பார். அந்த வருஷம் அவரை ஏதோ பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். வந்ததும் வகுப்பில் பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கச் சொன்னார். நானும் சேர்ந்துதான் இழுத்துப் போட்டேன்.

"எதுக்கு மிஸ்?" என்று கேட்டேன். அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

"ஒடம்பு கொஞ்சம் ஓடியாடுனாதான்க்கா மனசு வந்து ஒக்காரும். பாடத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் குதிக்க வுட்டுப் பாக்கறேன்."

வலது கையால் இடது முழங்காலைத் தொட வேண்டும், இடது கையால் வலது முழங்காலை. கட்டை விரலை நீட்டிக் காற்றில் ஒரு எட்டைப் படுக்கை வசமாக வரைய வேண்டும், கண் மட்டும் அதன் பின்னாலேயே போக வேண்டும். பிறகு தவளை மாதிரி கொட்டகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தாவல். பார்க்கச் சுலபமாக இருக்கிறதே என்று நான் ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த முழங்கால் வேலையைச் செய்து பார்த்தேன். வலது கை வலது முழங்காலுக்கே போனது. மாற்றிச் செய்யப் போய் சாக்பீஸ் அலமாரியில் முட்டிக்கொண்டேன். நெற்றியில் புடைத்ததைப் பார்த்து எல்லாரும் வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகள் அதற்குத் தவளை பீரியட் என்று பேர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் தினேசு பெஞ்சில் உட்கார்ந்தான். நான் பார்த்தேன். தவளை தாவி, மூச்சு வாங்கி, வேர்த்து, உட்கார்ந்தான். விமலா மிஸ் டிக்டேஷன் சொன்னார். எல்லா வார்த்தைகளையும் எழுதினான். பாதி தப்பு. ஆனால் எல்லாவற்றையும் எழுதினான். கடைசியில் வைத்த புள்ளி பேப்பரைக் குத்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது.

ஆனால் அது நிலைக்கவில்லை. சில நாட்கள் உட்காருவான். சில நாட்கள் எத்தனை குதித்தாலும் காலரை மென்றுகொண்டு சந்துக்குள் போய்விடுவான். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் விமலா மிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, போன வாரம் தங்கமா இருந்தான். திங்கக்கெழமையிலேர்ந்து பேய் புடிச்ச மாதிரி இருக்கான். போன மாசமும் இப்படித்தான் ஒரு வாரம் ஆடுனான். வூட்ல எதுனா நடக்குதா?"

"ஒண்ணும் இல்லியே மிஸ். அவரு நைட் ஷிஃப்ட்டு. தூங்குவாரு. நாங்க சத்தமே போட மாட்டோம்."

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "போன மாசம் ஆடுன வாரமும் நைட் ஷிஃப்ட்டா?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம். நைட் ஷிஃப்ட் வாரங்களில் வீட்டில் அடக்கி வைத்ததெல்லாம் வகுப்பில் வெடித்தது. இவ்வளவு நாளும் அவன் எங்கள் வீட்டில் அமைதியான பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கெட்ட பிள்ளை என்றுதான் நினைத்திருந்தோம். இரண்டும் ஒரே பிள்ளை என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து விமலா மிஸ் அந்த வாரங்களில் அவனுக்கு மட்டும் வேலையைக் கூட்டினார். நோட்டுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போய் வருவது, என்னோடு சேர்ந்து தண்ணீர் வாளியைப் பிடிப்பது, பிறகு தவளை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், "நான் தூங்கறது ஒரு குத்தமா?" என்று மட்டும் கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டார். அடுத்த லீவு நாளில் அவரே மகனோடு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தவளை தாவினார். "இன்னாய்யா, அப்பனும் புள்ளையும் மழைக்கு ரெடி பண்றீங்களா?" என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். அப்படி ஒரு சிரிப்பு எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டை ஒட்டியே இன்னொரு வரிசை லைன் வீடுகள் இருந்தன. அங்கேயும் கதவுகளில் துண்டுகள் தொங்கின. ஒரு நாள் காலை ஏழுமலை அண்ணன் ஸ்கூல் கேட்டுக்கு வந்து கரஸ்பாண்டெண்ட் சாரிடம் சண்டைக்கு நின்றார். என் வீட்டுக்காரரோடு அதே பெல்ட்டில் வேலை பார்ப்பவர். பனியன், கைலி, மிளகாய்ப் பழம் மாதிரி கண்கள்.

"என்னா சார் நடக்குது இங்க? தொப்பு தொப்புன்னு குதிக்கறானுங்க, ஷீட்டே அதுருது. நைட்டெல்லாம் கண்ணு முழிச்சிட்டு வந்து படுத்தா தூங்க வுட மாட்டன்றீங்களே."

விமலா மிஸ் வெளியே வந்தார். "பத்து நிமிஷம்தான்ணா. புள்ளைங்க நல்லா படிக்குதுங்க."

"பத்து நிமிஷத்துல கலைஞ்ச தூக்கம் அப்புறம் வராதும்மா. நான் தூக்கக் கலக்கத்துல போயி ஓடுற பெல்ட்டுல கைய வச்சிட்டன்னா? ஒம் புள்ளைங்க வந்து எடுக்குமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீயே நைட் ஷிஃப்ட்டுக்காரன் பொண்டாட்டி. ஒனக்குமா தெரியாது?"

தெரியும். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் வீட்டுக்காரரின் கையை நினைத்துக்கொண்டேன். தவளை பீரியட் நின்றது.

நின்றது என்றால், கரஸ்பாண்டெண்ட் சார் நிறுத்தினார். விமலா மிஸ் நிறுத்தவில்லை. மறுநாள் வகுப்பில் குரலைத் தாழ்த்தி, திருட்டுக்குத் திட்டம் போடுகிறவர் மாதிரி, "சத்தம் வராம யாரு குதிப்பீங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் முயன்றார்கள். ஒருத்தன் விழுந்தான், ஒருத்தி சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். தினேசு எழுந்து நடுவில் வந்தான். எம்பினான். இறங்கும்போது விரல் நுனி, பிறகு பாதம், பிறகு குதிகால். துளிச் சத்தம் இல்லை. மறுபடி. மறுபடி. மொத்த வகுப்பும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. எங்கள் வீட்டில் அவன் கற்றதெல்லாம் அந்த ஒன்றுதானே.

"டேய், பூனைடா நீ. எல்லாருக்கும் சொல்லிக் குடு" என்றார் மிஸ்.

அவன் சொல்லிக்கொடுத்தான். அவனை யாரும் எதற்கும் லீடராக்கியதில்லை. "மொதல்ல வெரலு… வெரலுடா… குதிகால் அப்புறம்" என்று ரகசியக் குரலில் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்ப் போய்ச் சொன்னான். நான் ஸ்டோரிலிருந்த சாக்குகளை உதறிக்கொண்டுவந்து தரையில் விரித்தேன். பூனை நடை, மெதுவாக உட்கார்ந்து எழுவது, பிறகு சுவரைத் தள்ளுவது. சுவரைத் தள்ளினால் சத்தம் வராது, ஆனால் உடம்பில் உள்ள அத்தனை பலமும் வெளியே போகும். சுவர் நகர்ந்தால் லீவு விடுவேன் என்று மிஸ் சொல்லியிருந்தார். அதுகள் நம்பித் தள்ளின. அந்த மாதங்களில் நைட் ஷிஃப்ட் வாரத்திலும் தினேசு உட்கார்ந்தான், எழுதினான், அரைப் பரீட்சையில் கணக்கில் பாஸ் செய்தான்.

சுண்ணாம்புச் சுவரில் சின்னச் சின்னக் கைகள் பதிந்தன. முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஆண்டு விழாவுக்கு வெள்ளையடித்த மறு வாரம், பெற்றோர் கூட்டத்தன்று, வெயில் சாய்வாக விழுந்தபோது எல்லாரும் பார்த்தார்கள். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில், அழுக்குக் கைகள்.

"இது என்ன மிஸ்?" என்று சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலையில் இருக்கும் ஒரு அப்பா கேட்டார். விமலா மிஸ் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுவத்த தள்ள எங்க மைன்ஸ்ல பெரிய பெரிய மெஷின் இருக்கு மிஸ். நாங்க புள்ளைங்கள படிக்கத்தான் அனுப்புறோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு அம்மா, "ஏதோ ஒரு பையனுக்காகத்தான் இதெல்லாம் நடக்குதாமே" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். நான் டீ தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

விமலா மிஸ்ஸை மாதக் கடைசியோடு போகச் சொல்லிவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போயி பேசுங்கக்கா. எனக்காக இல்ல, அந்தப் பத்து நிமிஷத்துக்காக" என்றார்.

போனேன். உங்களுக்கு என்னைப் பற்றி இதற்குள் தெரிந்திருக்கும், அந்த ஆபீஸ் அறைக்குள் போவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று. எப்படியோ சொன்னேன். "சார், குதிக்க வேணாம். அந்தச் செவுரு மட்டும். நானே தெனமும் தொடச்சிடறேன் சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பையன் ஒருத்தனுக்காக மொத்த ஸ்கூலும் சுவத்த தள்ளணுமாம்மா?"

"ஆமா சார்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பேசிய துணிச்சலான பேச்சு அதுதான். அவரே ஒரு நிமிஷம் அசந்துவிட்டார். பிறகு, "ஒண்ணு செய்யலாம். நீங்களே கிளாஸ்ல அவன் பக்கத்துல உக்காந்து பிடிச்சுக்குங்க. இதுக்கு மேல என்னால முடியாது" என்றார். உதவியாகத்தான் சொன்னார்.

அப்படியாக என் வேலை மாறியது. காலையில் கூட்டி, தண்ணீர் வைத்துவிட்டு, இரண்டாம் வகுப்பில் தரையில் உட்கார்ந்து என் மகனின் கணுக்காலைப் பிடித்துக்கொள்வேன். புது டீச்சர் பாடம் நடத்துவார். கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்த மாதிரி அந்தக் கால் என் கைக்குள் துடிக்கும். அவன் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டான். வெட்கம். விடியற்காலையில் தெருக் குழாயில் அவனைக் குடம் தூக்க வைத்தேன். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வருவதற்குள் வீட்டுச் சுவரைத் தள்ள வைத்தேன். தள்ளுவான், பாதியில் கையை எடுத்துவிடுவான். "மிஸ் இல்லாம தள்ளுனா ஒண்ணும் ஆவலம்மா" என்றான். எனக்கும் தெரியவில்லை, மிஸ் என்ன செய்தார், நான் எதை விட்டுவிட்டேன் என்று. சக பிள்ளைகள் வரிசையாக நின்று தள்ளும்போது அது விளையாட்டு. தனியாகத் தள்ளும்போது அவனுக்கு அது தண்டனையாகிவிட்டதோ என்னவோ.

ஒரு நாள் மணி அடிக்கிற நேரம் வந்தது. எழுந்து போனேன். வேறு யாரும் இல்லை, மணியும் என் வேலைதான். தண்டவாளத் துண்டில் கம்பியால் அடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே அலறல் கேட்டது. கால் விடுபட்டதும் அவன் பாய்ந்திருக்கிறான். குறுக்கே வந்த பெண் குழந்தை பெஞ்சு முனையில் விழுந்திருக்கிறது. முன்பல் உடைந்து, யூனிஃபார்ம் எல்லாம் ரத்தம். தினேசு பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அவன் அழுகிறான் என்றுகூட அங்கே யாருக்கும் தெரியவில்லை. "பாருங்க, கல்லு மாதிரி நிக்கறான்" என்றார் டீச்சர்.

டிசி கொடுத்துவிட்டார்கள். தூரத்து ஜில்லாவில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் இருப்பதாக என் வீட்டுக்காரரின் மாமன் வந்து சொன்னார். அங்கே போனால் எப்பேர்ப்பட்ட பிள்ளையும் அடங்கிவிடும் என்றார். நான் வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, "ரோட்ல பொணமா பாக்கறதுக்கு ஆஸ்டல்ல உசுரோட பாத்துட்டுப் போறன்டி" என்றார். அந்த லாரி டிரைவரின் ஆடுகிற கைகள் நினைவுக்கு வந்தன. எழுந்து அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன்.

பஸ் ஏறும்போது தினேசு கேட்டான். "அங்க கதவுல துண்டு கட்டுவாங்களாம்மா?"

"இல்லப்பா. அங்க நீ எம்மாந் தூரம் வேணா குதிக்கலாம்" என்றேன்.

இப்போது அந்தப் பக்கமெல்லாம் மாறிவிட்டது. கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். லைன் வீடுகளை இடித்துக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். ஏழுமலை அண்ணன் கம்மாபுரம் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி. விமலா மிஸ் கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனார் என்று முத்தாண்டிக்குப்பத்தில் விசாரித்தேன். சரியாகச் சொல்ல ஆளில்லை. என் வீட்டுக்காரருக்கு இப்போது ஷிஃப்ட் கிடையாது, வேலையே கிடையாது. தூக்கமும் வருவதில்லை.

தினேசு பத்தாவது முடித்துவிட்டு வந்தான். ஹாஸ்டலைப் பற்றி அவன் ஒன்றும் சொன்னதில்லை. கேட்டால், "நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்பான். இப்போது டவுன்ஷிப் பக்கம் ஒரு பெரிய கடை வாசலில் செக்யூரிட்டி வேலை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற பையன்கள் ஒரு வாரம் தாங்க மாட்டார்களாம். டீ குடிக்க, போன் பேச என்று எழுந்து எழுந்து போய்விடுவார்களாம். சூப்பர்வைசர் என்னிடம், "ஒம் பையன மாதிரி பாத்ததே இல்லம்மா. வச்ச எடத்துல வச்ச மாதிரி இருக்கான்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று அவனுக்கு லீவு. மதியம் சோறு போட்டுவிட்டுப் பின்பக்கம் துணி அலசப் போனேன். பக்கத்து வீட்டில் யாரோ வந்தார்கள், பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில் சம்மணம் போட்டபடி இருந்தான். தட்டு காலி. கையில் ஒட்டியிருந்த பருக்கைகள் காய்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தன. என்னைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சாப்புட்டன்மா. எழுந்திரிக்கலாமா?"